பதினெட்டுக் குடம்

டாக்டரம்மா சீட்டில் எழுதித் தந்தது
மூன்று லிட்டர்.
அது குடிக்க.
கழுவ எவ்வளவு என்று எழுதவில்லை.
அவருக்கு மூக்கையூர் தெரியாது.

ஆறு மாதமாய் ரத்தம்.
மூலம் என்றேன், சூடு என்றேன்,
கருவாட்டுக் காரம் என்றேன்.
சந்தியாகு வாயே திறக்கவில்லை.
ஒருநாள் நண்டுக் காசை எண்ணாமல்
என் முந்தியில் முடிந்தான்.

முதலில் கக்கூஸைக் காலி செய்தோம்.
அரசாங்கம் கட்டிக் கொடுத்து நாலு வருஷம்.
உள்ளே கிழிந்த வலை, மிதவைக் கட்டை,
மண்ணெண்ணெய் கேன், குட்டி போட்ட பூனை.
பூனைதான் கடைசியாய் வெளியேறியது,
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.
கருவேலங்காட்டுக்கு
விடியுமுன் ஒருதரம் இருட்டியபின் ஒருதரம்;
நடுப்பகலில் கூப்பிட்டால்
வயிற்றை அதட்டியே பழக்கம்.
நாளைக்கு அதட்டக் கூடாதாம்.

இரண்டு நாளாய்க் கீரை இல்லை, தக்காளி இல்லை,
விதை உள்ள எதுவும் இல்லை.
முந்தின நாள் சோறே இல்லை.
இளநீர், வடித்த கஞ்சித் தண்ணீர், பால் விடாத டீ.
சிவப்புக் கலர் வேண்டாம்,
உள்ளே போய் ரத்தம் என்று பொய் சொல்லுமாம்.

கூரிச்சாமி டிராக்டரில் குடம் பத்து ரூபாய்.
பதினெட்டு என்றதும்
"என்னக்கா, வீட்டில விசேஷமா?"
ஆமாம் என்றேன்.

ஆறு மணிக்குப் பொடியைக் கரைத்தேன்.
கடல்தண்ணியில் எலுமிச்சை பிழிந்து
சோப்புக் கையால் கலக்கினால் அந்த ருசி.
கால் மணிக்கு ஒரு டம்ளர்.
போனில் நேரம் பார்த்துப் பார்த்து
எஞ்சினுக்கு டீசல் ஊற்றுவது போல்
சிந்தாமல் ஊற்றித் தந்தான்.
நாலாவது வரை ஒன்றுமில்லை.
ஐந்தாவதைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

மூன்றாம் குடத்தில் நேற்று போனது.
ஏழாம் குடத்தில் போன வாரம்.
பத்தாம் குடத்தில், மாதாவே,
மாமியார் சொன்ன சொல்லெல்லாம்கூடப் போயிருக்கும்.
"தேங்காய் எண்ணெய் தடவிக்கோ, எரியாது,"
சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ரோசலின்.
சீட்டில் இல்லாத நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

பின்னிரவு மூன்று மணிக்கு இரண்டாவது பாக்கெட்.
குமட்டியது. நிறுத்தி நிறுத்திக் குடித்தேன்.
பதினாலாம் குடத்தில்
வெறும் மஞ்சள் தண்ணீர், அடி தெரிந்தது.
எங்கள் ஊர்க் கிணற்றில்கூட
இப்படி அடி தெரிந்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸை நம்ப முடியாது. மீன்வண்டியில் போனோம்,
பழைய சேலையை நாலாய் மடித்து உட்கார்ந்து.
சாயல்குடியில் ஒருதரம் நிறுத்தச் சொன்னேன்.
ஏர்வாடி விலக்கில் ஒருதரம்.
டிரைவர் பையன் இரண்டு தரமும்
டயரைத் தட்டிப் பார்க்க இறங்கினான். நல்ல பிள்ளை.

ராமநாதபுரத்தில் ஒரு பச்சைச் சட்டை,
பின்னால் முடிச்சு, முடிச்சுக்குக் கீழே காற்று.
மூக்குத்தியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.
இடது பக்கம் ஒருக்களித்து
முழங்காலை வயிற்றோடு சேர்க்கச் சொன்னார்கள்.
கையில் ஊசி. நர்ஸ் பேர் கேட்டாள், சொன்னேன்.
வயசு கேட்டாள்,
ஐம்பத்து...

நடுவில் கொஞ்சம் விழிப்பு.
வயிறு காற்றில் உப்பி, லேசாய் ஒரு இழு.
டிவியில் ஈரமாய், ரோஸாய், வளைந்து வளைந்து
ஒரு பாதை.
முப்பது வருஷமாய் எத்தனை மீனின் குடலை
உருவிக் காக்கைக்கு எறிந்திருப்பேன்.
என்னுடையதை அன்றுதான் பார்த்தேன்.
அழகாய்த்தான் இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

"காத்து போகுதாம்மா? அடக்காதீங்க."
திரைக்கு அந்தப்பக்கம் ஒரு ஆள்
யாரோ கூப்பிட்டதுபோல் பதில் விட்டார்.
சிரித்தேன். சிரிப்பில் எனக்கும் போனது.

காளான் மாதிரி இரண்டு சின்னத் தசையாம்.
கம்பி வளையம் மாட்டி அறுத்தாகிவிட்டது.
வலிக்கவில்லை.
சோதனைக்கு அனுப்பியிருக்கிறது,
பத்து நாள் ஆகும் என்றார் டாக்டரம்மா.
பத்து நாளில் என்ன என்று நான் கேட்கவில்லை.
அவன் கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

வாசல் கடையில் டீ, பன்.
பன்னைப் பிட்டு நனைத்துத் தந்தான்.
"எத்தனை குடம் மிச்சம்?"
"நாலு."
சொன்ன பிறகுதான் நெஞ்சு படபடத்தது:
நாலையும் மூடி வைத்தேனா?
அந்தப் பூனை வாய் வைத்துவிடும்.